உப்புக்கு வந்த காட்டுமாடு

டொம் டொம் டொம் டொம்... இப்பிடித்தான் தம்பி. ரெண்டு கைமுட்டியாலயும் மேசையில தட்டுனாங்க எங்க ஜெஸ்ஸி மிஸ்ஸு. மொதல்ல மெதுவா, பெறகு கொஞ்சம் வேகமா, பெறகு மேசை மேல கெடந்த சாக்பீஸெல்லாம் குதிக்கிற மாதிரி. ஐம்பத்திரண்டு வருசமாச்சு. மதுரையில பி.ஏ. ஹிஸ்டரி ரெண்டாம் வருசம். மத்தியானம் சாப்புட்டு வந்து எல்லாருக்கும் கண்ணு சொருகிக்கிட்டிருந்த நேரம். அன்னிக்கி அந்தம்மா தட்டாம இருந்திருந்தா, இன்னிக்கி நான் இந்த ஃபாரஸ்ட் ஆபீஸு பெஞ்சில ஒக்காந்து உங்க உசுர வாங்கிக்கிட்டு இருக்க மாட்டேன். பேச்சிமுத்துவும் ஜெயில்ல இருக்க மாட்டான்.

பேச்சிமுத்து யாருன்னு சொல்லலியே. எங்க தோட்டத்துல வேல பாக்குறவன். சிறுமலை அடிவாரத்துல என் தம்பி நைனா முகமதுக்கு நாலு ஏக்கர் கொய்யாவும் எலுமிச்சையும் இருக்கு, அங்க. காட்டுமாட்டக் கொன்னுட்டான்னு புடிச்சு உள்ள வச்சிருக்காங்க. இன்னியோட பத்தொம்பது நாளு. அவன் கொல்லல தம்பி. கொல்லலன்னு எழுதிக் குடுக்கத்தான் வந்திருக்கேன். இந்தப் பைக்குள்ளதான் இருக்கு பேப்பரு. குடுத்தாப் போதும், அவன விட்டுருவாங்கன்னு வக்கீலு சொல்லிட்டாரு. ரேஞ்சரு உள்ளதான் இருக்காரு. நாலு நாளா அவரு உள்ளதான் இருக்காரு. நாந்தான் வெளிய இருக்கேன்.

நீங்க எதுக்கு வந்தீங்க... தேக்கா? சொந்த நெலத்துத் தேக்க வெட்டுறதுக்கு இங்க வந்து நிக்கணுமா! நல்லாருக்கு. எந்தப் பக்கம்... தொப்பம்பட்டியா? அதான பாத்தேன். "ஏனுங்க, இங்க யாராச்சும் ஒக்காந்திருக்காங்களாங்க"ன்னு நீங்க கேட்டப்பவே நெனச்சேன். எங்க திண்டுக்கல்லுக்காரனா இருந்தா கேக்க மாட்டான், துண்டப் போட்டு ஒக்காந்துருவான். சாஞ்சு ஒக்காருங்க. இப்பத்தான் உள்ள டீ போச்சு, ஆறு கிளாஸு. எப்பிடியும் அரை மணி நேரம் ஆகும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், மிஸ்ஸு. அமெரிக்காவுக்கு மொத மொதல்ல போன ஸ்பெயினுக்காரங்களப் பத்திப் பாடம். தங்கம் தேடிப் போனாங்களாம். தங்கம் எங்க இருந்துச்சு, மாடுதான் இருந்துச்சு. ஒரு மரம் கெடையாது, ஒரு குன்று கெடையாது, வானத்தோட அடி வரைக்கும் புல்லு. அந்தப் புல்லு மேல கருகருன்னு மந்தை. பேரு தெரியாம, பைசனக் கூனல் முதுகு மாடுன்னு எழுதி வச்சிருக்காங்க. அந்தச் சமவெளியில ஆளுக வழி தப்பிப் போகுதுன்னு, அந்த மாட்டோட சாணியவே அங்கங்க குமிச்சு வச்சு அடையாளம் பண்ணிக்கிட்டே போனாங்களாம். நெனச்சுப் பாருங்க! ராஜா அனுப்புன படை, குதிரை, ஈட்டி, இரும்புச் சட்டை... வழிகாட்டுனது சாணி. அது வரைக்கும் சரித்திரம்னா எனக்கு ராஜா பேரும் வருசமும்தான். அன்னிக்கித்தான் சரித்திரத்துக்கு வாசனை உண்டுன்னு தெரிஞ்சுச்சு. தரையில காத வச்சா, மந்தை கண்ணுக்குத் தெரியிறதுக்கு முந்தியே சத்தம் வரும்னு சொல்லித்தான் மேசையத் தட்டுனாங்க. அடிச்சு முடிச்சதும் ஒரு அமைதி தம்பி. அந்த அமைதியிலதான் நான் கெட்டுப் போனேன்.

பெறகு அதையெல்லாம் சுட்டுத் தீத்த கதையும் சொன்னாங்க. கோடிக்கணக்குல இருந்தது கடைசியில சில நூறாப் போச்சாம். நான் எந்திரிச்சு, "மிஸ், அம்புட்டுத் தோலையும் என்ன மிஸ் பண்ணுனாங்க?"ன்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுச்சு. ஏன்னா எங்க அத்தா பேகம்பூருல தோல் யாவாரம். ஹாஸ்டல்ல என் டிரங்குப் பொட்டிய மோந்து பாத்துட்டுத்தான் பக்கத்துல பாய விரிப்பாளுக. மிஸ் சிரிக்கல. "பாதிக்கு மேல மெஷின் பெல்ட்டாப் போச்சும்மா, ஃபேக்டரி சக்கரம் சுத்த"ன்னாங்க. பெறகு, "நல்ல கேள்வி"ன்னாங்க. அந்த ரெண்டு வார்த்தைக்காக முப்பத்திமூணு வருசம் வாத்தியாரு வேல பாத்தேன்.

நானும் வருசா வருசம் மேசையத் தட்டுனேன். கைமுட்டி காச்சுப் போச்சு. ரிட்டையர் ஆகுற வருசம், ரிஃபாத்துன்னு கடைசி பெஞ்சுப் புள்ள எந்திரிச்சு, "மேம், நீங்க பைசனப் பாத்திருக்கீங்களா?"ன்னா. இல்லம்மான்னேன். "நம்ம சிறுமலையிலயே கெடக்கே மேம், எங்க மாமா பைக்க வெரட்டிருச்சே!"ன்னா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "அது பைசன் இல்லம்மா, காட்டுமாடு. இங்கிலீஷ்காரன் தப்பாப் பேரு வச்சுட்டான். ஒக்காரு"ன்னேன். அம்புட்டுத்தான். கண்ணால பாக்காத மாட்டுக்குப் பேரு திருத்துறதுல நம்மள அடிச்சுக்க ஆளு கெடையாது. அந்தப் புள்ள மூஞ்சி சுண்டிப் போச்சு. நல்ல கேள்வின்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.

எங்க வீட்டுக்காரரு மௌத்தான பெறகு, "டவுனுல தனியா இருக்காதீக லாத்தா, தோட்டத்துல வந்து இருங்க"ன்னு நைனா கூட்டிட்டு வந்துட்டான். மூணு வருசமாச்சு. ரெண்டு ரூமு, ஒரு வராண்டா. இருபது எட்டு வச்சா பேச்சிமுத்து வீடு. அவன் பொஞ்சாதி மாயக்கா எனக்கும் சேத்துத்தான் ஒல வைப்பா. நான் ஒருத்தி, ஒரு ஆழாக்கு அரிசி. "ஒங்களுக்குன்னு தனி வெஞ்சனம் வைக்க முடியாது டீச்சரம்மா, நாங்க திங்கிறதுதான்"னு மொத நாளே சொல்லிட்டா. எனக்கு அந்தக் கறார் புடிச்சுப் போச்சு. கருவாட்டுக் கொழம்பு வச்சான்னா மட்டும் வாசல்ல நின்னு கூப்புடுவா. மத்த நாளு நானே மோந்து பாத்துத் தெரிஞ்சுக்கணும்.

இப்பக் கேளுங்க. இந்தப் பங்குனி பொறந்ததுல இருந்து ஒரே அட்டகாசம். மேல மலையில தண்ணி வத்திப் போச்சு, காட்டுமாடு கீழ எறங்கிருச்சு. சொட்டுநீர்க் குழாயெல்லாம் மிதிச்சு நாசம். கொய்யாக் கன்னு நாப்பது முறிஞ்சுச்சு. பக்கத்துத் தோட்டத்து ஆனந்த்ராஜு வாழை போட்டிருந்தாரு, ஒரு வரிசையையே உருவித் தின்னுட்டுப் போயிருச்சு. அவரு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துறாரு. "வருசா வருசம் வரும், ரோட்டத் தாண்டிப் போயிரும். இந்த வருசம் ஏன் இங்கயே டேரா போடுது?" நல்ல மனுசன். சரியாத்தான் கேட்டாரு. நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு, "ஆமாங்க, ஏன்னே தெரியலீங்களே"ன்னேன்.

மனு குடுக்கலாம்னாங்க. யாரு எழுதுறது? வேற யாரு, டீச்சரம்மா! எழுதுனேன் தம்பி. முழுசா ரெண்டு பக்கம். "மலையடிவாரத்து ஏழை எளிய விவசாயிகளின் கண்ணீரை"ன்னு ஆரம்பிச்சு... அய்யோ, என்னா நடை! எழுதி முடிச்சு நானே ரெண்டு தடவ சத்தமாப் படிச்சுப் பாத்தேன். கீழ மொதக் கையெழுத்து, பேராசிரியை காதர் பீவி, ஓய்வு. பதினாலு பேரு போட்டாங்க. ஆனந்த்ராஜு படிச்சிட்டு, "கலெக்டரே அழுதுருவாரு"ன்னாரு. எனக்குப் பெருமை தாங்கல. யாராச்சும் மூணு நாள் பாராட்டுனா நான் என்ன வேணா எழுதுவேன் போலருக்கு.

மனு போயி ஒரு வாரம் ஒண்ணும் காணோம். எட்டாம் நாளு காலையில தோட்டத்துக் கெணத்துல ஒரு காட்டுமாடு விழுந்துருச்சு. எளங்காளை. எங்க கெணத்துக்குக் கைப்பிடிச் சுவரு கெடையாது, பழைய கெணறு. தழை விழுகாம இருக்கட்டும்னு பேச்சிமுத்து மேல தென்னமட்டையக் குறுக்க போட்டு வச்சிருந்தான். வருசம் பூராப் போட்டிருப்பான், யாரும் கேட்டதில்ல. விடிஞ்சு வெளிச்சம் வந்துக்கிட்டிருந்த நேரம், நான் தொழுது முடிச்சுப் பாயச் சுருட்டுறேன், மட்டை நொறுங்குற சத்தம். பெறகு தண்ணி. பெறகு ஒரு மூச்சு தம்பி... கெணத்துக்குள்ள இருந்து மூச்சு விட்டா அது பெரிசாக் கேக்கும். வீடு பூரா அந்த மூச்சுத்தான். ஃபயர் சர்வீஸு வந்து, கிரேனு வந்து, பெல்ட்டப் போட்டுத் தூக்கும்போது மணி பதினொண்ணு. கழுத்து ஒடிஞ்சிருந்துச்சு. மேல வந்தது பொணந்தான்.

அதுக்குப் பெறகுதான் ஃபாரஸ்ட்காரங்க வந்தாங்க, கையில என் மனுவோட. மனுவுக்கு மரியாத பாத்தீங்களா, உசுரு போன பெறகு வந்துச்சு. அங்கயும் இங்கயும் நடந்து பாத்தாங்க. கெணத்துக்கு ஆறேழு தப்படி தள்ளி, மாமரத்தடியில உப்பு கெடந்துச்சு. கல்லு உப்பு. நக்கி நக்கி மண்ணு குழியாப் போயிருந்துச்சு. ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தரு ஒரு கட்டிய எடுத்து மோந்து பாத்தாரு. "தோல் உப்பு சார். ஆட்டு மயிரு ஒட்டிருக்கு"ன்னாரு. பச்சத் தோலு அழுகாம இருக்கத் தடவுவாங்கள்ல, அந்த உப்பு. "இங்க தோல் கிடங்குல வேல பாத்தது யாரு?" எல்லாரும் பேச்சிமுத்துவத்தான் பாத்தாங்க. நைனா கிடங்குல பன்னெண்டு வருசம் மூட்ட தூக்குனவன் அவன். உப்ப வச்சு மாட்டப் பழக்கி, கெணத்து மேல மட்டையப் போட்டுப் பொறி வச்சு, தோலுக்கும் கறிக்கும் கொன்னுருக்கான்னு எழுதிட்டாங்க. கேக்குறதுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. நான் சரித்திரம் படிச்சவ, சொல்றேன், பொய்யிக்குத்தான் எல்லாம் கச்சிதமாப் பொருந்தும்.

இல்ல, இல்ல, எந்திரிக்காதீங்க, அது உங்க நம்பர் இல்ல. ஒம்பதுதான கூப்புட்டாங்க? நீங்க பத்து, நான் பதினொண்ணு. இதுல ஒரு விசயம், மூணு நாளா பதினொண்ணு பன்னெண்டுன்னு டோக்கன் வாங்குறேன், எனக்கு முந்தின ஆளு உள்ள போனதும் எந்திரிச்சு வெளிய போயி எளநி குடிச்சிட்டு பஸ் ஏறிருறேன். நேத்து கூப்புட்டுக்கூட இருப்பாங்க. "காதர் பீவி, காதர் பீவி"ன்னு. நான் அந்நேரம் பஸ்ஸில ஜன்னலோர சீட்டு.

உப்பு யாரு வச்சான்னா கேக்குறீங்க? கேக்கலியா. உங்க மூஞ்சி கேக்குதே.

நாந்தான் தம்பி.

சிரிக்காதீங்க... சிரிச்சாலும் சிரிங்க. எழுபத்தோரு வயசு. ஆசை. பாடத்துல முப்பத்திமூணு வருசம் தட்டுனேன், ஒரு தடவ நேருல பாத்தா என்னன்னு தோணிப் போச்சு. மலையில இருந்து எறங்குது, ரோட்டத் தாண்டுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. என் கண்ணுல மட்டும் ஒண்ணும் படல. சாணி கெடக்கும், கொளம்புத் தடம் கெடக்கும், மாடு இருக்காது. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அமெரிக்காவுல அந்த மாடுக நடந்து நடந்து தடம் போட்டிருக்கும், அந்தத் தடத்தப் புடிச்சிக்கிட்டே போனா உப்பு மண்ணுல போயி நிக்கும்னு நானே பாடம் எடுத்திருக்கேன். அந்தத் தடமெல்லாம் பின்னால மனுசன் போற ரோடாச்சுன்னு போர்டுல அம்புக்குறி போட்டுக் காமிச்சிருக்கேன். ஆகா, உப்பு! கண்டுபுடிச்சுட்டேன்ல நான்! நைனாகிட்ட தென்னைக்குப் போடணும்னு பொய் சொல்லி கிடங்குல இருந்து ஒரு மூட்ட வாங்குனேன். கடையில கெடைக்காதா உப்பு? கெடைக்கும். ஆனா எங்க வீட்டுல பொறந்தவளுக்கு உப்புன்னா தோல் கிடங்குதான். வேற எடம் நெனப்புலயே வராது. இந்தத் தப்ப வேற யாரும் பண்ணிருக்க முடியாது தம்பி. மளிகைக் கடையில வாங்கிருந்தா பேச்சிமுத்து மேல சந்தேகமே வந்திருக்காது.

அவன்தான் ஆட்டோவுல இருந்து தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தான். மாமரத்தடியக் காமிச்சு, இங்க கொட்டுன்னேன். தழைச்ச மரம், வராண்டாவுல இருந்து நேரா தெரியும். கெணறு பக்கத்துல இருக்கேன்னு எனக்குத் தோணல. மாயக்காவுக்குத் தோணுச்சு. "வேணாம் டீச்சரம்மா, அதுக பழகிரும். பழகுனா போகாது. கெணறு வேற பக்கத்துல"ன்னா. நான் சொன்னேன், "மாயக்கா, உனக்கு இதப் பத்தி என்ன தெரியும்?" இப்பிடித்தான் சொன்னேன். இதே கொரல்ல. மலையடிவாரத்துல பொறந்து வளந்தவகிட்ட.

நாலாம் நாளு வந்துச்சு.

விடியக்காலை ஃபஜ்ரு தொழுதுட்டு வராண்டாவுல ஒக்காந்திருக்கேன். கைல டீ. நான் எதுக்குக் காத்திருந்தேன்? சத்தத்துக்கு. தரை அதிரும், டம்ளரு ஆடும்னு. ஒண்ணும் கேக்கல. திரும்பிப் பாக்குறேன், மாமரத்தடியில அஞ்சு நிக்குது! சத்தமே இல்ல தம்பி! அம்புட்டுப் பெரிய உருவம், முழங்கால் வரைக்கும் வெள்ளச் சாக்ஸு போட்ட மாதிரி, முதுகுல திமிலு ஒரு வரப்பு மாதிரி எந்திரிச்சு ஓடுது... பூனை வந்த மாதிரி வந்து நிக்குது. அம்பது வருசமா நெஞ்சுக்குள்ள தட்டிக்கிட்டிருந்தது எல்லாம் பொய்யின்னு ஆயிருச்சு. அது வேற மாடு, இது வேற மாடு, அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? ஒரே ஒரு சத்தம்தான் இருந்துச்சு. நாக்கு உப்புக் கட்டிய அறுக்குற சத்தம். சரக்... சரக்... சொரசொரன்னு, மெதுவா, அவசரமில்லாம. பள்ளிக்கூடத்துப் புள்ள ஸ்லேட்ட அழிக்கிற மாதிரி. நான் அழுதுட்டேன். டீ ஆறிப் போயி ஆடை கட்டிருச்சு. அதுல ஒரு எளங்காளை மட்டும் தலையத் தூக்கி என்னயப் பாத்துச்சு. மூக்கு நுனியில உப்பு ஒட்டிருந்துச்சு. அதுதான் பின்னால... சரி, விடுங்க.

ஒம்பது நாளு அப்பிடியே போச்சு. நான் ஒருத்தருக்கும் சொல்லல. பேச்சிமுத்துகிட்ட, "உப்புக் கொறையுது, இன்னுங் கொஞ்சம் கொட்டு"ன்னு மட்டும் சொல்லுவேன். பெறகுதான் கன்னு முறிஞ்சுச்சு, வாழ போச்சு. நைனா வந்து தலையில கைய வச்சான். அப்பவே சொல்லிருக்கலாம். உப்ப அள்ளிப் போட்டுட்டு, நாந்தான்டா அறிவு கெட்டவன்னு சொல்லிருந்தா, தம்பி திட்டிருப்பான், அம்புட்டுத்தான். நான் என்ன செஞ்சேன்? மனு எழுதுனேன். மாட்டக் கூப்புட்டதும் நான், மாடு வருதுன்னு மனுப் போட்டதும் நான். என்னயப் புடிக்க நானே ஆளனுப்புனேன். அதுலயும் பாருங்க, எனக்குப் பதிலா வேற ஆளப் புடிச்சுட்டாங்க!

அதுகூடப் பரவாயில்ல தம்பி. இனிமேத்தான் இருக்கு.

அன்னிக்கி ரேஞ்சரு உப்பக் கையில வச்சுக்கிட்டு வராண்டாவுக்கு வந்தாரு. நல்ல மரியாதையான ஆளு, என்னய மேடம்னாரு. "மேடம், இந்த உப்பப் பத்தி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" பேச்சிமுத்து படிக்குக் கீழ நிக்கிறான். என்னய நிமிந்து பாக்குறான். பயந்து பாக்கல. டீச்சரம்மா இப்பச் சொல்லிருவாங்க, சொன்னதும் நம்ம போயி மோட்டாரப் போடலாம்னு, அப்பிடி நிக்கிறான். நான் சொன்னேன், "எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் தோட்டத்தில் உப்பு பயன்படுத்துவதில்லை." அப்பிடியே சொன்னேன், சுத்தத் தமிழ்ல! பொய்யி சொல்லும்போது மட்டும் எனக்கு எழுத்துத் தமிழ் வந்துரும்.

அவன் செருப்பு போட்டுக்கவான்னு மட்டும் கேட்டான். போட்டுக்கிட்டு ஜீப்புல ஏறிட்டான்.

இங்க கொண்டாந்து விசாரிச்சப்ப சொல்லியிருக்கான், டீச்சரம்மாதான் கொட்டச் சொன்னாங்கன்னு. உள்ள இருந்தவரு என் மனுவ எடுத்து அவன் மூஞ்சிக்கு முன்னால நீட்டி, "இத எழுதுன அம்மாவாடா ஒன்னய உப்புக் கொட்டச் சொன்னாங்க?"ன்னாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். மாயக்கா ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டுட்டு, பஸ்ஸேறி வந்து எங்கிட்டச் சொன்னா. "இப்பிடிச் சொல்லிச் சிரிச்சாங்க டீச்சரம்மா." சொல்லிட்டு நின்னா. நான் எதாச்சும் சொல்லுவேன்னு நின்னா. நான் என்ன சொன்னேன்... "நான் பாத்துக்கிறேன் மாயக்கா"ன்னேன்.

பாத்துக்கிட்டேன். பதினெட்டு நாளு பாத்துக்கிட்டேன். வக்கீலப் பாத்தேன். வக்கீலு, "நீங்க எழுதிக் குடுத்தா அவரு வந்துருவாரு, உங்க மேல கேஸு வரும், வயசானவங்க, பெயிலு கெடைச்சுரும்"னாரு. அப்பக்கூட நான் எதக் கேட்டேன்னு நெனைக்கிறீங்க? "பேப்பர்ல பேரு வருமா சார்?" ஜெயிலுக்குப் பயமில்ல தம்பி, சத்தியமா இல்ல. சிரிப்புக்குத்தான். ரிட்டையர்டு ஹிஸ்டரி புரொஃபசரு மாட்டுக்கு உப்பு வச்சு மாட்டிக்கிட்டாங்கன்னு, எங்கிட்டப் படிச்ச அம்புட்டுப் புள்ளைகளும் சிரிக்கும்ல. ஒருத்தன் உள்ள கெடக்கான், எனக்கு என் பேரு பெரிசாத் தெரிஞ்சிருக்கு பாருங்க.

மாயக்கா பதினாறு நாளும் சோறு கொண்டாந்தா. அதே ஆழாக்கு. தூக்குவாளிய வாசப்படியில வைப்பா, காலி வாளிய எடுத்துட்டுப் போவா. வெஞ்சனம் உப்பில்லாம இருந்துச்சுன்னா எனக்கும் ஒறைச்சிருக்கும். எல்லாம் சரியாத்தான் போட்டா.

பேப்பர காமிக்கவா? இதோ. பதினோரு தடவ எழுதிட்டேன். நேத்து வரைக்கும் இருந்ததப் பாருங்க: "மேற்படி தோட்டத்தில் மாமரத்தடியில் உப்பு வைக்கப்பட்டது." வைக்கப்பட்டதாம்! யாரு வச்சா, காத்து வச்சுச்சா? புள்ளைக பரிச்சையில இப்பிடி எழுதுனா நானே செவப்பு மையில கோடு போட்டிருப்பேன். இன்னிக்கிக் காலையில பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து மாத்துனேன். இப்ப மூணே வரி. நான் உப்பு வைக்கச் சொன்னேன். பேச்சிமுத்து நான் சொன்னதச் செஞ்சாரு. ரேஞ்சரு கேட்டப்ப நான் பொய் சொன்னேன். நடையே இல்ல. ஆனந்த்ராஜு படிச்சா, இதென்ன டீச்சரு இப்பிடி எழுதிருக்கீங்கம்பாரு.

பத்துன்னாங்களா? உங்களத்தான். செத்த இருங்க தம்பி... ஒரு ஒதவி கேக்கவா? என்னய முன்னால போக விடுறீங்களா? தப்பா நெனைக்காதீங்க. நீங்க உள்ள போயி அந்தக் கதவு சாத்துச்சுன்னா, நான் எந்திரிச்சு எளநிக் கடைக்குப் போயிருவேன். என்னய எனக்குத் தெரியும். தேக்கு இன்னும் பத்து நிமிசம் நின்னா ஒண்ணும் ஆகாது... சரிங்களா? ரொம்ப சந்தோசம். இந்தப் பையப் புடிங்க, பேப்பர் மட்டும் போதும். இல்ல, கண்ணாடியும் குடுங்க, எதாச்சும் படிக்கச் சொன்னா...

என்ன கேட்டீங்க? ஒக்காந்ததுல இருந்து இப்பத்தான் நீங்களா ஒண்ணு கேக்குறீங்க. மாயக்காவா?

அவ முந்தாநாளு காலையில வீட்டப் பூட்டி, சாவிய என் வாசப்படியில வச்சுட்டு, வடமதுரைக்கு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா.